பசியாறாத ரத்தம்

பெரட்டுக்கு முன்னால், விடியற்காலை ஐந்தேகாலுக்கு
தோட்டத்து கிளினிக்கில் எட்டுப் பேர்.
பசியாறாமல் வரச் சொல்லியிருந்தேன்.
மருந்தடிக்கும் சிவபாக்கியம் மட்டும்
"வெறுந்தேத்தண்ணி ஒரு மடக்கு,
அதுகூடவா கணக்கு?" என்றாள்.
கணக்குத்தான் அக்கா. எழுதிக்கொண்டேன்.

வெறும் வயிற்றிலிருந்து வந்த ரத்தம்
குழாய்க்குள் இறங்கியதும்
தானே பசியாறத் தொடங்கிவிடும்.
அணுக்கள் சர்க்கரையைத் தின்னும்,
புளிப்பை மிச்சம் வைக்கும்.
பகாவிலிருந்து சிரம்பான் போய்ச் சேர்வதற்குள்
வேறு யாருடையதோ ஆகிவிடும்.

இருதயசாமியின் வேன்
கோலப்பிலாவில் பஞ்சரான அன்று
எட்டுப் பேருக்கும் ஒரே நோய் என்றது இயந்திரம்.
நோய் டயருக்கு.

அதனால் சுழலியை இங்கேயே கொண்டுவந்துவிட்டோம்,
மருந்து அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவில்.
ஐஸ். இருபது நிமிடம், அதற்கு மேல் இல்லை.
மஞ்சள் மேலே, சிவப்பு கீழே.
நூர் அஸ்லினா மெத்தனால் விட
புளிக்காடி பட்ட ரப்பர்ப்பால் போலப்
புரதம் திரண்டு அடியில் உட்காரும்.
தெளிந்த சொட்டில் ஆயிரம் பேர்,
ஆளுக்கொரு எடை.

ஏழு நிமிடம் நாற்பது வினாடியில்
ஒரு கூர்முனை.
எந்தப் பட்டியலிலும் பேரில்லை.
இரண்டு வாரம் சரியாகத் தூங்கவில்லை நான்.
மருந்தடிக்கிறவர்களின் உடம்பில் ஊறிய விஷம் என்று
மனசுக்குள் கட்டுரையை எழுதி முடித்து
நன்றியுரைவரை போய்விட்டேன்.

செம்பனை ஆலை வாசலில்
லோரி எடைமேடை ஏறுகிறது:
குலையோடு ஒரு முறை,
கொட்டிவிட்டு வெறும் வண்டியாய் ஒரு முறை.
கழித்தால்தான் குலை.
பைக்கை ஓரங்கட்டிக் கொஞ்ச நேரம் நின்றேன்.
வெறுங்குழாயை நான் நிறுத்துப் பார்த்ததே இல்லை.

அன்றிரவே குழாயில் தண்ணீரை ஊற்றி ஓடவிட்டேன்.
ஏழு நாற்பது. அதே முனை.
மூடியின் பிளாஸ்டிக்.
அஸ்லினா சிரித்தாள். நானும்,
கொஞ்சம் கழித்து.

மூடியை மாற்றினோம். முனை விழுந்தது.
விழுந்த இடத்துக்குப் பின்னால்
இத்தனை நாள் அதன் நிழலில் பதுங்கியிருந்த
சின்ன மேடு, ஏழு நாற்பத்தாறில்.
எட்டில் மூன்று பேரிடம்.
சிவபாக்கியத்திடமும்.
தேத்தண்ணியாகவும் இருக்கலாம்.

வியாழக்கிழமை மறுபடி
அவள் முழங்கை மடிப்பைத் தட்டி நரம்பு தேடினேன்.
"என்னதான் இருக்கு என் ரத்தத்துல?"
"மூடி இல்லன்னு தெரிஞ்சிருச்சுக்கா."
"அதுக்கா இத்தன தடவ குத்துற?"
என்று மற்ற கையை நீட்டினாள்.
இன்றைக்குத் தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லையாம்.
வெளியே பெரட்டு மணி.