நான்கு விரல் தரை

துளைக்கும் கருவி நான்கு விரல் ஆழம் முனகியது,
பிறகு ஒன்றுமில்லாததில் விழுந்தது.
மல்காஸ் சுவிட்சை அணைத்துவிட்டு
என்னைத்தான் பார்த்தார், துளையை அல்ல.

கையேடு கேட்டிருந்தது எட்டு விரல்.
ஜெர்மன் எழுத்து எனக்கு வராது; படம் புரியும்.
தடித்த தரையில் ஊன்றிய தூணுக்குப் பச்சைக் குறி.
மெலிந்த தரையில் சாய்ந்த தூணுக்கும்
கவிழ்ந்த காருக்கும் அடியில்
ஆள் இல்லை, ஒரு தொப்பி மட்டும்.

ருஸ்தாவியில், பழைய கார் சந்தைக்குப் பின்தெருவில் எங்கள் பட்டறை.
வாங்கிய கையோடு
'என்னவோ சத்தம் வருகிறது' என்று வந்து நிற்பார்கள்.
பன்னிரண்டு வருடம் அந்தச் சத்தங்களை
மல்லாந்து படுத்துக் கேட்டவர் இவர்.
போன டிசம்பரில் ஜாக்கி நழுவியது. இரண்டு விலா எலும்பு.
தும்மல் வந்தால் இப்போதும்
மூக்கை விட்டுவிட்டு விலாவைப் பிடித்துக்கொள்வார்.
லிப்ட் வாங்கியது அதற்கப்புறம்தான்:
இரண்டாம் கை; பாதி கடன்,
பாதி, இத்தாலியில் யாரோ ஒரு முதியவரைக்
குளிப்பாட்டிச் சம்பாதித்து என் தங்கை நானுலி அனுப்பியது.
தூண்கள் இரண்டும் முற்றத்தில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தன,
கடைசி ரயிலை விட்ட இருவர்போல.

உடைத்தோம்.
அடியில் ஒரு பள்ளம். எங்களுக்கு முன் இருந்த எவனோ
நின்று வேலை பார்க்க வெட்டியது.
செங்கல், டயர், பாதிக் குளியல் தொட்டி,
உப்புப் பூத்த பேட்டரிகள் எல்லாம் கொட்டி மூடி
மேலே நான்கு விரல் பூசியிருந்தான்.
அவனை நான் திட்டிய வசவுகளில்
இரண்டு எனக்கே புதியவை.
பட்ரியும் அவன் மச்சானும் தள்ளுவண்டியில் நாற்பத்தொரு நடை.
இதன்மேல்தான் பன்னிரண்டு வருடம் படுத்திருந்தார்
என்று யாரும் சொல்லவில்லை.
மதியம் யாரும் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

கூரையைத் தூண்டில் கம்பால் அளந்தோம்.
நான்கு மீட்டர், அந்த ஒற்றை உத்திரத்தடியில் ஒரு சாண் குறைவு.
டெலிகா வேன் முழுசாக ஏறாது.
'ஏறாவிட்டால் போகட்டும், நானும் ஒன்றும் நெட்டை இல்லையே.'

மின்சார ஆபீஸ் ஆள்
மூன்று பேஸ் இணைப்புக்கு மூன்று தரம் வந்து
மூன்று தரமும் பழைய மீட்டரை முறைத்துவிட்டுப் போனார்.

மட்டம் பார்க்க பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பினோம்;
அந்த வெளிச்சத்தில் கோடு தெரியவில்லை.
பட்ரி தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சிவப்பு ஒயின் ஊற்றினான்.
தெரிந்தது: தூணுக்குத் தூண் ஒன்பது மில்லிமீட்டர்.
வேலை முடிந்ததும், வீணாக்கக் கூடாதென்று
குழாயின் மறுமுனையில் வாய் வைத்தவர் பெயரை
நான் எழுத மாட்டேன்.

கம்பி கட்டி, கலவை ஊற்றி,
ஈரச் சாக்கு போர்த்தியது ஒரு செவ்வாய்க்கிழமை.
இருபத்தெட்டு நாள் என்றார் சிமெண்ட் கடை ஒமாரி.
ஒன்பதாம் நாளே
காலால் தட்டினால் கல். சுத்தியலால் தட்டினால் கல்.
பதினோராம் நாள் ஒரு டாக்சிக்காரர்
அழுகிற கியர்பாக்ஸோடு வந்தார்,
முன்பணத்தை எண்ணி மேசையில் வைத்தார்.
மல்காஸ் சாக்கை விலக்கிவிட்டு
துளைக்கும் கருவியின் ஒயரைப் பிரிக்கத் தொடங்கினார்.

பத்து நங்கூர போல்ட்டுகள், என் கட்டைவிரல் தடிமன்.
அவர் தேடினார். பட்ரி தேடினான்.
டாக்சிக்காரரும் குனிந்து பெஞ்சுக்கடியில் தேடினார், பாவம்.
நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.
வீட்டில், அடுப்புக்கு மேல் அலமாரியில்
சிவப்பு பீன்ஸ் ஜாடி
இறக்க இரண்டு கை வேண்டிய கனத்தில் இருந்தது.

இரவு சாக்குக்குத் தண்ணீர் தெளித்தபடி கேட்டார்:
'எத்தெரி, எத்தனை நாள் பாக்கி?'
'பதினேழு.'
பூவாளி காலியாகும்வரை பேசவில்லை.
பிறகு, என் பக்கம் திரும்பாமலே:
'நாளைக்கு பீன்ஸ் குழம்பு வைப்பாயா?'
'பதினேழு நாள் கழித்து' என்றேன்.
சிரித்தார்,
விலாவைப் பிடித்துக்கொண்டு.