நாலு நாள், பதினெட்டுக் குழி

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு அடியில்
என் டிக்கெட் கடைக்குப்
பல் டாக்டர் ரசல்ராஜ் வந்தார்.
கையில் நாலு நாள்.
மனசில் மூன்று நாடு.

ஸ்காட்லாந்து என்றார். தாய்லாந்து என்றார்.
போகிற போக்கில் மஸ்கட்டும் பார்க்கலாமே என்றார்.
நான் காலண்டரைத் திருப்பி வைத்தேன்.

புதன் சாயங்காலம்
கடைசிப் பல்லைப் பிடுங்கிவிட்டுத்தான் புறப்பட முடியும்.
திங்கள் காலை பத்தரைக்கு
கருங்கல்லிலிருந்து ஒரு அம்மா வருகிறார்,
வேர் சிகிச்சை, இரண்டாம் தடவை.
மாற்றவே முடியாதாம்.
அந்த அம்மா அவருடைய மாமியார்.

இதற்குள் விசா, கஸ்டம்ஸ், களியக்காவிளை.
களியக்காவிளையை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.
ஆகாயத்தில் கடல் தாண்டப் போகிறவனைப்
பாறசாலையில் ஒரு தடி லாரி
முக்கால் மணி நேரம் நிறுத்தி வைக்கும்.
அதற்கும் ஒரு வரி எழுதினேன்.

"ஸ்காட்லாந்தை விடுங்க டாக்டர்.
இறங்கி, உறங்கி, எழும்பினா
திரும்புற டிக்கெட் வாசல்ல நிக்கும்.
மஸ்கட். ஒரே மைதானம். மூணு ஆட்டம்."

"ஒரே மைதானமா?"
பல் போன பிள்ளை மாதிரி முகம்.

"முதல் நாள் காத்தோட சண்டை.
ரெண்டாம் நாள்தான்
அது எந்தப் பக்கமிருந்து வருதுன்னே தெரியும்.
வெள்ளிக்கிழமை காலையில கேக்காதீங்க,
அது அங்கத்த ஞாயிறாக்கும்.
மத்தியானம் ஒண்ணு நாப்பதுக்கு எடுங்க.
வெயில் இருக்கும், ஆள் இருக்காது.
துணிமணியை மட்டைத் தலையில சுத்துங்க,
ஒரு பெட்டி மிச்சம்.
போகும்போது கடிகாரம்
ஒன்றரை மணி நேரம் இனாம் தரும்.
வரும்போது பிடுங்கிக்கும்.
பிறகு, பன்னிரண்டாம் குழிக்கு
இடப்பக்கம் அடிச்சிராதீங்க.
மேடு மறைக்கும், பின்னாடி முழுக்க மணல்."

டாக்டர் பேனாவை மூடினார்.
"நீங்க ஆடியிருக்கீங்களா, பெல்சிட்டா?"

மட்டையைத் தொட்டதுகூட இல்லை.
இந்த மாவட்டத்தில் ஒரு துண்டு நிலத்தை
சும்மா பச்சையாய் இருந்துகொள் என்று
யாரும் விட்டு வைத்ததில்லை.
ரப்பர் நடுவார்கள். இல்லையென்றால் வாழை.
அதுவும் இல்லையென்றால் வழக்கு.

வின்ஸ்லால் அங்கே புல் வெட்டுகிறார்.
விடிவதற்கு முன், நெற்றியில் விளக்கு கட்டி.
குலசேகரத்தில் ரப்பர் வெட்டப் போனதும்
அப்படித்தான், அதே நேரத்தில்தான்.
இப்போது பால் வடிவதில்லை.

தினமும் குழியை இடம் மாற்றுவதும் அவர்தான்.
பழையதை மண்ணடைத்துப் புல்மூடி போட்டு
ஏழடி தள்ளி, சில நாள் ஒன்பதடி தள்ளி,
புதிதாய் ஒன்று தோண்டுவார்.
முடிந்ததும் படம் அனுப்புவார்.
பதினோரு வருஷத்துக் குழிகள்
என் போனில் இருக்கின்றன.
இடம் போதவில்லை என்று போன் சொல்கிறது.
எதை அழிக்க?
எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன.

"தெரிஞ்ச ஆள் ஒண்ணு இருக்கு" என்று மட்டும் சொன்னேன்.
மட்டைப் பையின் பக்க ஜிப்பில்
ஒரு கிலோ ஏத்தங்காய் வற்றல் போகும் என்றேன்.
எடைக் கணக்கில் அதை
முதலிலேயே சேர்த்திருந்தேன்.

அவர் போன பிறகு வேறொரு தாள் எடுத்தேன்.
பிப்ரவரி. விடுப்பு முப்பது நாள்.
கூரைக்கு ஆறு.
நாத்தனார் கல்யாணம், முன்னும் பின்னுமாய் ஐந்து.
பத்திரப் பதிவு ஆபீசுக்கு ரெண்டு,
அவர்கள் மூன்றாக்குவார்கள்.
பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் கையெழுத்து.
முட்டத்தில் கடல் பார்க்க அரை நாள்,
அங்கே பார்க்காத கடலா என்பார், இருக்கட்டும்.

வலது கடைவாய்ப் பல்
ரெண்டு வருஷமாய்ப் போனில் வலிக்கிறது.
அதற்கும் ஒரு நாள் வேண்டும்.

டாக்டர் ரசல்ராஜ், காலை முதல் ஆள்
என்று எழுதி வைத்தேன்.
பென்சிலில்தான்.