பக்கம் தாண்ட முடியாதவள்

பிடிக்கவில்லை என்றால் நீங்கள் மூடி வைக்கலாம்.
பாதியில் ஒரு பேருந்துச் சீட்டைச் செருகி
ஆறு மாதம் மறந்தும் போகலாம்.
எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.
பார்வையற்றோர் நூலகத்தின் ஒலிப்பதிவு அறையில்,
மொந்தெவிதேயோவின் ஜூலைக் குளிரில்
(இரைச்சல் பதிவாகும் என்று ஹீட்டரையும் அணைத்துவிடுவார் அனீபல்)
அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும்
நான் வாயாலேயே நடந்து கடக்க வேண்டும்.

அட்டையில் தங்க வட்டம்.
பின்னட்டையில் ஒன்பது பேரின் வியப்பு.
மூச்சே நின்றுவிட்டது என்கிறார் ஒருவர்.
எனக்கும் நின்றது, நாற்பதாம் பக்கத்தில்,
முற்றுப்புள்ளி வைக்க மறந்த ஒரு வாக்கியத்தின் நடுவே.

என் அக்கா இர்மா இதைப் படித்து அழுதிருக்கிறாள்.
ரொட்டிக் கடை வரிசையில்கூட
அந்தப் பாதிரியாரைப் பற்றித்தான் பேச்சு.
ஊரே ருசி என்று சொன்ன பந்தியில்
எனக்கு மட்டும் நாக்கு செத்துவிட்டதோ என்று
முதல் வாரம் முழுக்க என்னைச் சந்தேகித்தேன்.
இரண்டாம் வாரம் உப்பைச் சந்தேகித்தேன்.

என்ன குறை என்றால் சட்டென்று சொல்ல வரவில்லை.
மழை நன்றாகத்தான் பெய்கிறது.
பெய்துகொண்டே இருக்கிறது.
பெண்கள் எல்லோரும் ஜன்னலோரம் நிற்கிறார்கள்,
ஒருத்திக்கும் ஜலதோஷம் பிடிப்பதில்லை.
யாரும் யாரிடமும் கைமாற்று கேட்பதில்லை.
துக்கம் வருவதற்கு முன்பே
பராக் பராக் என்று
ஓர் உவமை கட்டியம் கூறிக்கொண்டு ஓடுகிறது.

கண் இதையெல்லாம் தாவிப் போய்விடும்.
வாயால் தாவ முடியாது.
பொய்யான வரி மீன் முள்ளைப்போல்
பல்லிடுக்கில் நிற்கும்.
முந்நூற்று ஐந்தில் கொட்டாவி விட்டேன்.
அனீபல் கவனிக்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

செப்டம்பரில் ஃப்ரை பெந்தோஸிலிருந்து ஒரு தொலைபேசி.
செஃபெரினோ பெந்தங்கூர்,
இறைச்சித் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம்,
கண் போய் ஒன்பது.
'செஞோரா, அந்தக் கதையில் ஒருவன்
ஒவ்வொரு மாட்டின் காதிலும் மன்னிப்புக் கேட்கிறானே,
எங்களுக்கு நிமிடத்துக்கு ஒரு மாடு.
காதைத் தேட நேரம் ஏது?'
சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது.
அப்பாடா, நான் தனி ஆளில்லை என்று
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.
கொட்டாவியைக்கூடக் கேட்டிருக்கிறார்:
'அந்த இடத்தில் நானும் தூங்கித்தான் போயிருந்தேன்,
நீங்கள்தான் எழுப்பினீர்கள்.'

பிறகு சொன்னார்:
'ஆனால் கை கழுவுகிற வரி இருக்கிறதே,
அதை மட்டும் பதினோரு தடவை போட்டுக் கேட்டேன்.'
எந்த வரி?
'நீங்கள் படித்ததுதானே, செஞோரா.'

போனை வைத்துவிட்டுத் தேடினேன்.
நானூற்று முப்பத்து மூன்று, கீழிருந்து நாலாவது வரி.
பெயர்கூட இல்லாத ஒருவன் குழாயடியில் நிற்கிறான்.
குழாயில் வெந்நீர் வந்து சேர்வதற்குள்
வேலைக்குச் சங்கு ஊதிவிடுகிறது.
அவ்வளவுதான்.
அடுத்த வரியில் மறுபடி மழை.

படித்திருக்கிறேன், பதிவில் என் குரல் இருக்கிறது.
தடுக்கவே இல்லை. பல்லில் மாட்டவே இல்லை.
அதனால்தான் எனக்கு ஞாபகம் இல்லை போலிருக்கிறது.
முள்ளை எண்ணுவதிலேயே இருந்துவிட்டேன்.

இதற்காக அந்தப் புத்தகத்தை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள்.
அறுநூறு பக்கத்துக்கு ஒரு வரி
எந்தக் கணக்கிலும் நஷ்டம்தான்.

இருபத்தொன்பதாம் தேதி, வழக்கம்போல்
இர்மா வீட்டில் ஞோக்கி.
'முடித்துவிட்டாயா? எந்த இடத்தில் அழுதாய்?'
அழவில்லை என்றேன்.
நானூற்று முப்பத்து மூன்றில் ஒரு வரி, என்றேன்.
நெற்றியைச் சுருக்கி யோசித்தாள்.
'அங்கே யாருமே சாகவில்லையே' என்றாள்,
தட்டுக்கு அடியில் அதிர்ஷ்டத்துக்கு வைத்த நோட்டை
விரலால் துழாவிக்கொண்டே.