தட்டுக்கு முப்பது

ஜாலான் டூத்தா நீதிமன்றத்தில்
பதினோரு வருசமாக மொழிபெயர்ப்பாளன் நான்.
கூட்டவும் மாட்டேன் குறைக்கவும் மாட்டேன் என்று
சத்தியம் செய்த வாய் இது.

புதன்கிழமை போக்குவரத்து வழக்குகள்.
எட்டாக மடித்த சமன்களோடு
கடைசி பெஞ்சுவரை லோரிக்காரர்கள், கிராப் ஓட்டிகள்,
தலைக்கவசத்தை மடியில் வைத்திருக்கும் பையன்கள்.
சமன் என்றால் இந்த ஊரில் அபராதச் சீட்டு.
என் அகராதியில், தராசு முள் நடுவில் நிற்பது.
இன்னும் பழைய அகராதியில் எமனுக்கும் அதே பெயர்.
மூன்றையும் சேர்த்து யோசிக்க
எனக்குச் சம்பளம் இல்லை.

இருபத்தேழாவது பெயர்
பரஞ்சோதி த/பெ வீராச்சாமி.
காப்பாரில் முட்டை ஏற்றி
செலாயாங் மொத்தச் சந்தையில் இறக்குகிறவர்.
கூட்டரசு நெடுஞ்சாலை, விடிகாலை நாலு பன்னிரண்டு,
எண்பதுக்கு நூற்று நான்கு.
படம் காட்டினார்கள்.
லோரியின் மூக்கு. அதை ஒட்டி
பாதி வெட்டுப்பட்ட கறுப்புக் கார் ஒன்றின் பின்விளக்கு.

"ஐயா, அறுநூறு தட்டு. தட்டுக்கு முப்பது.
அவ்வளவையும் பின்னால வச்சுக்கிட்டு நூத்தி நாலுல போனா
சந்தையில நான் இறக்குறது ஆம்லெட்."

மலாயில் அது பாதிச் சிரிப்பாகத்தான் வந்தது.

"அந்த மெஷின் பார்த்தது என்னையா, அந்தக் காரையா?"

அதையும் சொன்னேன்.
போலீஸ் தரப்பு அதிகாரி பேனாவை மூடித் திறந்தார்.

"காய்கறிக் கடைத் தராசுக்கே
வருசா வருசம் ஆள் வந்து முத்திரை குத்துறான்.
இதுக்கு எங்க முத்திரை?"

இங்கேதான் தடுமாறினேன்.
தராசைத் தராசாகவே சொல்லியிருக்கலாம்.
கடைத்தெருப் பேச்சு என்று
குறிப்பேட்டில் ஏறாமலே போயிருக்கும்.
நாக்கு வேறொன்றை எடுத்துவிட்டது:
தெந்துகூரான்.
கருவியைச் சரிபார்த்த சான்றிதழ், ஒரே சொல்லில்.
டை கட்டிய சொல்.
மாஜிஸ்திரேட் முதல்முறையாகத் தலை நிமிர்ந்தார்.

சான்றிதழ் கோப்பில் இல்லை.
பாலாயில் இருக்கும், அடுத்த தவணைக்குக் கொண்டுவருகிறோம்.
ஆறு வாரம் கழித்து இன்னொரு புதன்.

கூட்டிவிட்டேனோ என்று
எனக்குள் ஒருவன் கேட்டுக்கொண்டிருக்கையில்
பரஞ்சோதி என் பக்கம் சாய்ந்தார்.
"அன்னிக்கும் லோரி நிக்கணுமா?
நின்னா நூத்தி எண்பது வெள்ளி போச்சு.
மறுபடி தள்ளிவச்சா இன்னொரு நூத்தி எண்பது.
இப்பவே கட்டுனா எவ்வளவு?"

கேட்டுச் சொன்னேன். முந்நூறு.
விரல் மடக்கிப் பார்த்தார்.
சுண்டுவிரலில் ஒரு பிளாஸ்டர், ஓரம் கறுத்திருந்தது.
"சரி, கட்டிட்டுப் போறேன்."

கட்டிவிட்டுப் போகிறேன் என்பதற்கு
மலாயில் சொல் இல்லாமல் இல்லை.
மன்றத்தில் அது செல்லாது.
அங்கே செல்லும் நாணயம் ஒன்றுதான்:
மெங்காக்கு சாலா,
குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்.

புரிந்துதான் சொல்கிறாரா, கேளுங்கள் என்றார் மாஜிஸ்திரேட்.
கேட்டேன்.
"புரியுதுங்க. ஆறு வாரம்."

புரிகிறது என்று மொழிபெயர்த்தேன்.
ஆறு வாரத்தை விட்டுவிட்டேன்.

அதற்குள் இருபத்தெட்டாவது பெயரைக் கூப்பிட்டார்கள்.

மாலை அதே நெடுஞ்சாலையில் வீட்டுக்கு.
கேமராக் கம்பம் தெரிந்ததும்
முள்ளை எண்பதில் பிடித்து நிறுத்தினேன்.
என் கார் எண்பது என்று காட்டுவது எண்பதுதானா?
பத்து வருசப் பழைய கார். யாரும் முத்திரை குத்தியதில்லை.
பின்னால் ஒரு லோரி
இரண்டு முறை விளக்கைச் சிமிட்டி வழி கேட்டது.
இடப்பக்கம் ஒதுங்கினேன்.