நாலாக மடித்த அட்டை

பெர்கனில் மழை. இரவுப் பணி.
அலுவலகத் தரையைத் துடைத்தபடி
தூருன் சொன்னாள்:
மகனுக்கு வந்த பிறந்தநாள் அழைப்பை
ரொட்டிப் பெட்டிக்கு அடியில் ஒளித்துவிட்டாளாம்.
பரிசு வாங்க இருநூறு குரோனர் இல்லை.

ரக்கியாவுக்குச் சிரிப்பு முட்டியது.
ரொட்டிப் பெட்டி இருக்கிறதே, அதில் ரொட்டியும்.
நைஜரில், மழை பொய்த்த ஆண்டு
தங்கை லாமி
எறும்புப் புற்றைக் கிளறி
அவை சேர்த்த தானியத்தைப் பொறுக்கினாள்.
மறு மழைக்கு அவள் இல்லை.
அதற்குப் பெயர் பசி. இதற்கு?
துடைப்பத்தைப் பிழிந்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச்சில்
அவள் மகன் பையிலிருந்து விழுந்தது
நீல நிற அட்டை:
பனிமலையில் பிறந்தநாள்,
சறுக்குக் கட்டையோடு வரவும்.

வயிறு நிறைந்து உறங்குகிறான் பிள்ளை.
அட்டையை நாலாக மடித்தாள்.
ரொட்டிப் பெட்டியைத் தூக்கினாள்.