வெற்று எடை

பகலில் கோதுமை லாரிகளை எடை போடுகிறேன்.
வரும்போது ஓர் எடை, கொட்டிவிட்டுத் திரும்பும்போது ஓர் எடை.
முன்னதில் பின்னதைக் கழித்தால்
ஒருவனுடைய ஓர் ஆண்டு.
பதினாறு வருஷமாயிற்று. ஆர்டித் கிவாமே
எடையில் தவறினாள் என்று சொல்ல வந்தவன்
இரண்டாம் முறை ஏற்றிப் பார்த்துவிட்டுத்
தொப்பியைத் தொட்டுப் போயிருக்கிறான்.

இந்த அக்டோபரில் க்ளெண்டைவ் கடையில்
என் துப்பாக்கிக்குத் தோட்டா இல்லை.
அலமாரியில் விலைச்சீட்டு மட்டும் இருந்தது.
அதையும் பார்த்திருக்க வேண்டாம்.
நாமே அடைத்துக்கொள்வோம் என்று
அழுத்துப்பொறி, கையேடு, உள்ளங்கை அளவில் ஒரு தராசு
வாங்கி வந்தேன், காசு மிச்சம் பிடிக்க.
மிச்சம் பிடித்ததில் இதுவரை முந்நூற்றுப் பத்து டாலர் செலவு.

நிலவறையில், துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில்
பொறியைத் திருகி முடுக்கினேன்.
முதல் பித்தளைக் கூட்டுக்கு எண்ணெய் தடவ மறந்தேன்.
உள்ளே போனது, வெளியே வர மறுத்தது,
குடத்துக்குள் தலைவிட்ட மாடு மாதிரி.
இன்னோர் அச்சு வாங்க மைல்ஸ் சிட்டி வரை போய்வந்தேன்.
எண்ணெய் விஷயம் கையேட்டின் இரண்டாம் பக்கத்திலேயே
தடித்த எழுத்தில் இருக்கிறது.

மருந்தை அளக்கும் அலகுக்குப் பெயர் கிரெயின்.
தானிய மணி.
பொன்னைக் குன்றிமணி வைத்து நிறுத்த ஊர்கள் உண்டாமே,
அந்த வழக்கம்தான்.
ஏழாயிரம் மணி சேர்ந்தால் ஒரு பவுண்டு.
பகலெல்லாம் டன் கணக்கில் பார்த்த கண்ணுக்கு
இரவில் ஒரே ஒரு மணி கூடினாலும் குற்றம்.
சிரிப்பு வந்தது. சிரித்தால் தராசு ஆடுகிறது.
மூச்சைக்கூட அந்தப் பக்கம் திரும்பித்தான் விட வேண்டும்.

ஐம்பது கூடுகள்.
பழைய பிரைமர் உதிர்ந்தது, புதியது ஏறியது,
புனல் வழியே மருந்து, மேலே செம்புக் குண்டு, நெம்பு.
முப்பது வரை ஒழுங்கு.
அப்போது டுவேன் கூப்பிட்டான்,
இழுவை வண்டியின் சாவி எங்கே என்று.
விவாகரத்துத் தாளில் வண்டி அவனுக்கு.
சாவியைப் பற்றி யாரும் எழுதவில்லை.
பின்னால் ஒரு பெண் சிரித்தாள்.
தொலைக்காட்சியாகவும் இருக்கலாம்.
கொட்டகைக் கொக்கியில் பார் என்றேன். இருந்ததாம்.
வந்து உட்கார்ந்து மீதியையும் முடித்தேன்.

இரவு இரண்டு மணி. வெளியே பூஜ்யத்துக்கு எட்டு கீழே.
முப்பத்தொன்றில் ஊற்றினேனா?
ஊற்றும் கை நினைவில் வருகிறது.
அது முப்பதின் கையா, முப்பத்திரண்டின் கையா?

மருந்தில்லாத தோட்டா சாதுவானது என்று நினைக்கிறவர்கள்
பதினான்காம் பக்கத்தைப் படிக்கட்டும்.
பிரைமர் மட்டும் வெடிக்கும்.
குண்டு குழலின் பாதி வழியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.
அடுத்து வருவது, முழுசாக அடைத்தது,
வழி திறந்திருக்கும் என்று நம்பி வருவது,
அதன் முதுகில் மோதும்.
பக்கத்தில் என் கன்னம் இருக்கும்.

காலுறையோடு இறங்கினேன்.
காதருகே வைத்துக் குலுக்கினேன்.
வாய்வரை நிறைந்தவையும் பேசவில்லை, வெறுமையும் பேசவில்லை.
ஊமைகள் நடுவே ஓர் ஊமையை எப்படிப் பிடிப்பது?
அடியே, நீ எடை போடுகிறவள்தானே
என்று தலையில் தட்டிக்கொண்டு
தராசை எடுத்தேன்.

ஒவ்வொன்றாக ஏறின.
சற்றுக் கூட, சற்றுக் குறைய. பித்தளை என்றால் அப்படித்தான்.
முப்பத்தெட்டாவதாக ஏறியதற்கு
எண் எங்கோ கீழே நின்றது.
எனக்கு இந்த எண்ணைத் தெரியும்.
கொட்டிவிட்டுத் திரும்பும் லாரியின் எண்.
பளபளவென்று, தலை நிமிர்ந்து,
வெறும் வண்டி ஒன்று என்னைத் தாண்டிப் போகப் பார்த்திருக்கிறது.

பிரிக்கும் சுத்தியலில் பொருத்தி மூன்று தட்டு.
குண்டு விழுந்தது.
அதன் பின்னால் எதுவும் விழவில்லை.
அளந்து ஊற்றினேன், மூடினேன், ஏற்றினேன். சரி.
மீதிப் பன்னிரண்டையும் விடவில்லை.

குறிப்பேட்டில் தேதி, மருந்து, குண்டு எல்லாம் போக
'பிற' என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது.
எழுதினேன்:
முப்பத்தொன்று. தொலைபேசி.