கோர்ட்டுக்கு எதிரே நகலகம்

என் மெஷினுக்குள் ஓர் உருளை இருக்கிறது.
இருட்டில் இருக்கும்வரை
மேலே ஏற்றியதை இறக்கிவிடாது.
மெல்லிய கம்பி ஒன்று அதன் மேனி முழுக்க
மின்னூட்டம் பூசிவிடும்.
வெளிச்சம் பட்ட இடத்தில் அது கசிந்து ஓடும்.
எழுத்தின் நிழல் விழுந்த இடத்தில் மட்டும் தங்கும்,
யாராலும் வாசிக்க முடியாத
ஒரு பத்திரம்.
பிறகுதான் கரித்தூள் வந்து ஒட்டும்.
எதிர்க்குணம், அதனால் ஒட்டும்.
காகிதம் அதைவிட வலுவாக இழுத்து
பறித்துக்கொண்டு போகும்.
கடைசியில் சூடு.

ஐப்பசியில் இந்த வித்தை பலிக்காது.
தேவகோட்டைக் காற்று நனைந்திருக்கும்,
ஏற்றியதெல்லாம் வேர்வைபோல் வழிந்துவிடும்.
கிரயத் தொகையில் ஒரு சைபர் மங்கி
வக்கீல் குமாஸ்தா என்னிடம் கத்துவார்.

இது பங்குனி.
தேனப்பன் சென்னையிலிருந்து வந்திருந்தார்,
பாலியெஸ்டர் பேன்ட், ரப்பர் அடி வைத்த ஷூ.
பிளாஸ்டிக் நாற்காலியில்
அரைமணி நேரம் நெளிந்துகொண்டிருந்தார்.
உமையாள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு
சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு நின்றார்.
ஒரே வீட்டுக்கு முப்பத்தெட்டுப் புள்ளி பங்கு.
முகப்பு யாருக்கு, இரண்டாங்கட்டில் எத்தனை தூண் யாருக்கு,
நாற்பது பக்கம்.
அக்காளும் தம்பியும்
ஆளுக்கொரு நகல் கேட்டார்கள்,
என்னிடம்.
ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.
ஒரே குணம் ஒன்றையொன்று தள்ளும் என்பதற்கு
இதைவிட நல்ல படம்
எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

உரசினால் புதிதாக எதுவும் பிறப்பதில்லை.
இங்கே இருந்தது அங்கே போகிறது, அவ்வளவுதான்.
நாற்காலிக்குக் கொஞ்சம், தேனப்பனுக்குக் கொஞ்சம்,
கூட்டிப் பார்த்தால்
பழைய கணக்கேதான்.
ஷூ அதைத் தரைக்கு இறங்கவிடாது.
அவர் எழுந்தார்.
அசல் பத்திரத்தை நான் நீட்ட
இரண்டு கையும் ஒரே நேரத்தில் வந்தது.

சுள்.

அவர் விரல் நுனிக்கும்
அக்காளின் மோதிரத்துக்கும் நடுவே
ஊசிமுனை அளவு நீலம்.
"ஆச்சி!" என்று கத்திவிட்டார் மனுஷர்,
ஏழு வருஷமாகக் கூப்பிடாத பெயர்.
"என்னடா, ஷாக்கா?" என்றார் அவர்.
அதற்கு அடுத்த சொல்
இரண்டு பேரிடமும் இல்லை.
ஏற்றம் இறங்கிவிட்டிருந்தது,
கொஞ்ச நேரத்துக்கு.

உமையாள் தன் கட்டை எண்ணினார்.
முப்பத்தொன்பதுதான் வந்தது. மறுபடியும் எண்ணினார்,
முப்பத்தொன்பது.
"ஒண்ணை நீ எடுத்துக்கிட்டியா?"
தேனப்பன் முகம் சுருங்கியது.
நான் கட்டை வாங்கி ஓரத்தில் ஊதினேன்.
இன்னும் சூடு ஆறாத இரண்டு தாள்
பதினேழாம் பக்கமும் பதினெட்டும்
ஒட்டிக்கொண்டிருந்தன.
பிரித்தபோது மெல்ல நொறுங்கும் சத்தம்.

எண்பது பக்கம், நூற்றறுபது ரூபாய்.
சில்லறை இல்லை என்று
தம்பி இருநூறாகக் கொடுத்தார்.
மீதியை யாரிடம் தருவதென்று
எனக்குத்தான் தெரியவில்லை.